என் பணமும் நம் பணமும்

(சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் வளாகத்து மழைநீர்க் கிணறுகளைத் தூர்வாரிச் சீரமைக்க, எல்லா வீடுகளிலும் பணம் வசூலிக்கும் தீர்மானம் இன்று வருகிறது. "நான் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்கிறேன், நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் கை தூக்கச் சொல்வது முறையல்ல.

வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் கணக்கு வழியிலேயே பேசுகிறேன். உங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து பணம் எடுத்து நீங்கள் ஏ.சி. வாங்கலாம், தங்கம் வாங்கலாம். கவுண்டரில் யாரும் காரணம் கேட்பதில்லை. முடிவெடுப்பவர், பணம் கொடுப்பவர், பலன் பெறுபவர் மூவரும் ஒரே ஆள்.

சங்கத்தின் கணக்கு அப்படி அல்ல. தீர்மானிப்பது பெரும்பான்மை, கொடுப்பது எல்லோரும். வேண்டாம் என்றவரும் கொடுத்தாக வேண்டும். ஆகவே பொதுப் பணத்தில் கை வைக்கும் முன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இதை அவரவர் தனியாக வாங்கிக்கொள்ள முடியுமா? முடியும் என்றால் சங்கம் தலையிட வேண்டாம். ஆர்.ஓ. மெஷின், கொசுவலை, வீட்டுக்குள் அடிக்கும் பெயிண்ட் எல்லாம் அவரவர் விருப்பம்.

குடிதண்ணீரைக் கேனில் வாங்கலாம். நிலத்தடி நீரைத் தனியாக வாங்க முடியாது. ஒருவர் போர்வெல்லை ஆழப்படுத்தினால் பக்கத்து மனையில் மோட்டார் காற்றை இழுக்கும். அவரும் ஆழப்படுத்துவார். இருவரும் சொந்தப் பணத்தைச் செலவழித்தார்கள். பூமிக்குள் ஒரு சொட்டு கூடவில்லை.

2003-இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. முடிவு அரசுடையது, செலவு வீட்டுக்காரருடையது. ஆனால் பல இடங்களில் குழாய் வைத்ததோடு சரி. பராமரிப்புக்கு யாரும் பணம் ஒதுக்காததால் கிணறுகள் மண்ணடைத்துப் போயின.

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வந்தது. அதற்கான செலவு எல்லோருடைய வரிப்பணம். "எனக்கு வேண்டாம், என் பங்கைத் திருப்பிக் கொடுங்கள்" என்று அன்று யாரும் கேட்கவில்லை.

இப்போது நம் கணக்கு. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 140 செ.மீ. அளவில் மழை. 10,000 சதுர அடி மொட்டை மாடியில் அது சுமார் 13 லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கை வீண் என்று கழித்தாலும் 10 லட்சம் லிட்டர் மிச்சம். 12,000 லிட்டர் லாரியில் 80 லோடுக்கு மேல். அத்தனையும் நம் போர்வெல்லுக்கே திரும்பாது, அக்கம்பக்கத்துக்கும் போகும். அவர்கள் சேமிப்பது நமக்கும் வரும்.

அந்த மொட்டை மாடி யாருக்குச் சொந்தம்? உங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நிலத்தில் உங்களுக்கு இருப்பது பிரிபடாத பாகம். பாகமே பிரிபடாதபோது, அந்த நிலத்துக்கடியில் உள்ள தண்ணீரின் பொறுப்பை மட்டும் எப்படிப் பிரிப்பது? ஏரிப் பாசன ஊர்களில் குடிமராமத்து நடந்ததும் இதே நியாயத்தில்தான். மடையில் தண்ணீர் எடுப்பவர் தூர்வாரவும் ஆள் அனுப்ப வேண்டும்.

வேண்டாம் என்பவரிடமும் வாங்குகிறோம் என்றால், அவருக்கு நாம் சில கடமைப்பட்டிருக்கிறோம். மூன்று இடங்களில் கொட்டேஷன் வாங்க வேண்டும். இந்த வேலைக்குத் தனி லெட்ஜர் வேண்டும். யார் கேட்டாலும் வவுச்சரைக் காட்ட வேண்டும். மிச்சப் பணத்தை வேறு வேலைக்குத் திருப்பாமல் அடுத்த மாத மெயின்டனன்ஸில் கழிக்க வேண்டும். சதுர அடிக் கணக்கில் வசூலிப்பது சிறிய வீட்டுக்காரருக்கு நியாயம். பென்ஷனில் வாழ்பவர்களுக்கு மூன்று தவணை கொடுக்கலாம். ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் தூர்வார, பட்ஜெட்டில் தனித் தொகை ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் இன்று போடும் பணமும் மண்ணடைத்துப் போகும்.

இந்த நிபந்தனைகளையும் தீர்மானத்திலேயே எழுதிவிட்டு ஓட்டெடுப்புக்கு விடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அப்படி எழுதினால் என் ஓட்டு ஆதரவாக இருக்கும். எழுதாவிட்டால், கிணறு வேண்டும் என்று நினைக்கும் நானே எதிர்த்து ஓட்டுப் போடுவேன்.