குளத்தில் இறக்கிவிட ஆள்

பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவருக்கு ஒரே குறை: தம்மைத் தண்ணீரில் இறக்கிவிட ஆளில்லை (யோவான் 5). குடல் அறுவை சிகிச்சைக்குப்பின் வயிற்றில் ஸ்டோமா பையோடு வாழும் நம் சகோதர சகோதரிகள் பலருக்கும் இதே குறைதான்.

புண் ஆறி, மருத்துவர் சம்மதித்தபின் அவர்கள் தாராளமாகக் குளிக்கலாம். முதலில் பையைக் காலிசெய்து, ஓரம் நன்றாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் எவரும் மெல்ல இறங்குவதே நல்லது. திடீரென முங்கினால் மூச்சுத் திணறும்.

பை தண்ணீரைத் தாங்கும். நம் முகச்சுளிப்புக்கு அஞ்சித்தான் மார்கழிக் கண்மாயிலும் வேளாங்கண்ணிக் கடலிலும் அவர்கள் கரையிலேயே நின்றுவிடுகிறார்கள். இயேசு தாமே அந்த நோயாளியிடம் போய்ப் பேசினார். நாமும் "வாங்கண்ணே, சேர்ந்து குளிப்போம்" என்று கைநீட்டுவோம். ஆமென்.