தாளின் நோக்கமறிந்து படிப்போம்

(சங்க வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



நம் பிள்ளைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுவிட்டனர். அடுத்து அவர்கள் கற்க வேண்டுவது, ஒரு தாள் எந்த நோக்கத்தோடு எழுதப்பட்டது என்பதை அறிதலாகும்.

நம் கைக்கு வரும் தாள்கள் இரு வகைப்படும். பட்டா, அரசாணை, ரசீது போன்றவை செய்தியை அறிவிப்பன. விளம்பரம், தேர்தல் துண்டறிக்கை, வேலைக்கு ஆள் சேர்க்கும் நோட்டீஸ் போன்றவை நம்மை ஒரு செயலுக்கு இணங்கச் செய்வன. இரண்டையும் ஒரே விதமாகப் படித்தல் ஆகாது.

அறிவிக்கும் தாளில் நிபந்தனையைத் தேடுங்கள். 1891இல் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரெமென்ஹீர் நம் மக்களின் இழிநிலையை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அதன் பயனாக 1892இல் பிறந்த அரசாணையால் பஞ்சமி நிலங்கள் கிடைத்தன. முதல் 10 ஆண்டுகள் விற்கலாகாது. பின்னரும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. ஆயினும் அந்நிலங்களிற் பெரும்பகுதி பிறர் கைக்குப் போயிற்று. கடனும் மிரட்டலும் காரணங்களாயின; எழுதியிருப்பது இன்னதென அறியாமல் கைநாட்டு வைத்ததும் ஒரு காரணமாயிற்று. உங்கள் வீட்டில் பாட்டனார் காலத்துப் பட்டா இருப்பின், அதன் நிபந்தனை வரிகளை முதலிற் படியுங்கள். நிலத்தின் வகையைக் கிராமத்து 'அ' பதிவேட்டில் பாருங்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி நகல் கேட்கவும் வழியுண்டு.

இணங்கச் செய்யும் தாளிடம் நான்கு கேள்விகள் கேளுங்கள். எழுதியவர் யார்? நாம் இணங்கினால் ஆதாயம் யாருக்கு? சொன்னதற்குச் சான்று உண்டா? சொல்லாமல் விட்டது எது? "உறுதியான வருமானம்", "இன்றே கடைசி நாள்" என்பவை செய்திகள் அல்ல. நம்மைச் சிந்திக்க விடாமல் விரைவுபடுத்தும் சொற்கள்.

வாய்ச்சொல்லுக்கும் இக்கேள்விகள் பொருந்தும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டச் சென்றவர்கள் எனக் கூறப்பட்ட 20 தமிழகத் தொழிலாளர்கள் ஆந்திரக் காவல் துறையினரின் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். நம் ஜவ்வாது மலைப் பகுதியினரும் அவர்களுள் இருந்தனர். வறுமை அழைத்துச் சென்றவர்களைப் பழித்தல் தகாது. ஆனால், செம்மரத் தரகன் கூலியை உரக்கச் சொல்வான். வழக்கையும் சிறையையும் சொல்லான். அவன் சொல்லாததைக் கேட்டறிவது உயிர் காக்கும் கல்வியாகும்.

ஒன்றை மறவாதீர். நம்மவரே அச்சிட்ட துண்டறிக்கையாயினும், நாமே எழுதியதாயினும், அதே நான்கு கேள்விகளைக் கேட்டே ஏற்க வேண்டும். பிறரிடம் மட்டும் கேட்பது அறிவாகாது.

ஆகவே, வாரந்தோறும் ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளைச் சங்கத்திற் கூடி உரக்கப் படியுங்கள். எழுத்தறியாத முதியோரையும் உடன் அமர்த்துங்கள். அவர்கள் ஒப்பமிடுமுன் படித்துப் பொருள் சொல்ல ஒவ்வொரு வீட்டிலும் ஓர் இளைஞர் இருப்பாரானால், இச்சங்கம் தன் கடமையைச் செய்ததாகும்.

வாழ்க சங்கம்! வளர்க கல்வி!