சதையும் தசையும்

தெற்கு அந்தமானிலுள்ள சௌல்தாரி போன்ற ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பத்தார் விடுமுறைக்குக் கடல் கடந்து சொந்த ஊர் சேர்ந்ததும், பேரனைத் தழுவும் பாட்டி, “நன்றாகச் சதை போட்டிருக்கிறான்” என்று மகிழ்வாள். கண்ணால் கண்டு சொல்லும் இத்தீர்ப்பு பிழையாவதும் உண்டு. சதை வேறு, தசை வேறு. நாம் சதையென்று பாராட்டுவது பெரும்பாலும் கொழுப்பே. உடலை இயக்குவதும், உண்ட உணவின் சர்க்கரையைப் பெருமளவு ஏற்பதும் தசையாகும்.

எடைக் கருவியும் இவ்வேற்றுமையை அறியாது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் இலண்டன் மருத்துவர் யுட்கினும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தம்மையே சான்றாகக் காட்டினர். உயரத்திற்கேற்ற எடையைக் கணிக்கும் உடல் நிறை எண் இருவருக்கும் 22.3. உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு! இந்தியக் குழந்தைகள் பலர் பிறக்கும்போதே தசை குன்றியிருப்பதைப் புனே ஆய்வுகள் உணர்த்தின.

தசையை அளக்கும் ஊடுகதிர்க் கருவி ஊர்தோறும் இராது. ஆயினும் தசையின் வலிமையைச் சோதிக்கலாம் அன்றோ? 2019-இல் தொடங்கிய ‘ஃபிட் இந்தியா’ இயக்கம் நான்காம் வகுப்பு முதல் மாணவர்க்கு வகுத்த சோதனைகளில், 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டங்களோடு, தண்டாலும் படுத்தெழுதலும் உள்ளன. கைப்பிடியின் வலிமையை அளத்தலும், நின்ற இடத்திலிருந்து முன்னோக்கித் தாண்டுதலும் உலகெங்கும் கையாளப்படுபவை. எடை சரியாயிருந்தும் இவற்றில் மிகப் பின்தங்கும் பிள்ளையின் தசை வளர்ச்சியை மருத்துவர் ஆராய்தல் நன்று.

சோதனை ஒரு சல்லடையே, தீர்ப்பன்று. பயிற்சியின்மையும், அண்மையில் வந்த காய்ச்சலும், பருவமடைதலின் முன்பின்னும் முடிவை மாற்றும். ஆகவே பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு இகழாது, ஆறு திங்களுக்கு முன்னிருந்த அவனோடு ஒப்பிடுவோமாக. பெண்மக்களையும் மறவாதிருப்போமாக.

பரிகாரம் எளியது. 5 முதல் 17 வயதினர் நாள்தோறும் சராசரி 60 நிமிடம் உடலுழைக்கவும், வாரத்தில் மூன்று நாளேனும் தசைக்கு வலுவூட்டவும் வேண்டுமென்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு அறிவுரை. மரமேறலும் கயிறிழுத்தலும் சடுகுடுவும் போதும். தீவின் மீனும், நம் பருப்பும், முட்டையும் தசைக்கு உரமாகும்.

அடுத்த விடுமுறையில் பாட்டி பேரப்பிள்ளையின் கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்பதோடு நில்லாது, தண்ணீர்க் குடத்தையும் தூக்கச் சொல்லிப் பார்க்கட்டும்.