சிறிய நாடும் பெரிய நாட்டு ஒப்பந்தமும்



இரண்டு பெரிய மிராசுதாரர்களின் நிலத்துக்கு நடுவே காணி நிலம் வைத்திருப்பவன் எப்படிப் பிழைப்பது? எந்த மிராசுதாரன் நல்லவன் என்று தேடிக்கொண்டிருந்தால் நிலம் போய்விடும். தன் வரப்பைத் தான் காத்துக்கொண்டு, யாரோடு எவ்வளவு தூரம் போகலாம் என்று கணக்குப் பார்ப்பவனே பிழைப்பான். சிறிய நாடுகளின் சங்கதியும் இப்படித்தான். இதற்குப் பின்லாந்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்று சுமார் 55 லட்சம் ஜனங்களுள்ள அந்நாட்டுக்கு ருஷியாவோடு 1,300 கிலோமீட்டருக்கு மேல் எல்லை. 1939 நவம்பர் 30-ந் தேதி சோவியத் படை அதன்மேல் பாய்ந்தது. சர்வதேச சங்கத்தார் என்ன செய்தார்கள்? சோவியத்தைச் சங்கத்தைவிட்டு நீக்கித் தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் பீரங்கியைத் தடுக்குமா? 105 நாள் போராடியும் சுமார் பத்திலொரு பங்கு நிலம் போயிற்று. 4 லட்சம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். 1941-ல் ஜெர்மனியோடு சேர்ந்து சண்டையிட்டும், மீட்ட நிலம் நிலைக்கவில்லை.

பிறகு 1948-ல் அதே சோவியத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். ஜெர்மனியோ அதன் கூட்டாளியோ பின்லாந்து வழியாகத் தாக்கினால், தன் எல்லைக்குள் மட்டும் போரிடுவது. சோவியத் உதவி வருவதானால் இருவரும் சம்மதித்தே வரவேண்டும். இதற்கு விலையும் கொடுத்தார்கள். முந்திய வருஷமே அமெரிக்காவின் மார்ஷல் திட்டப் பணத்தை வேண்டாமென்றார்கள். சோவியத்தைப்பற்றிப் பத்திரிகைகள் வாயடக்கிப் பேசின. ஆனால் தங்கள் பார்லிமெண்டும் தேர்தலும் தங்களிடமே இருந்தன. சோவியத் வசமிருந்த போர்க்கலா தளமும் 1956-ல் திரும்பி வந்தது. அதே வருஷம் ஹங்கேரிக்குள் சோவியத் டாங்கிகள் புகுந்ததை நினைத்துப் பாருங்கள்!

1992-ல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. 2022 பிப்ரவரியில் ருஷியா உக்ரைன்மேல் படையெடுத்தது. உக்ரைன் நேட்டோவுக்கு வெளியே இருந்தது. அதைக் கண்ட பின்லாந்து மே மாதமே நேட்டோவுக்கு மனுப் போட்டது. உள்ளே இருப்பவர் அத்தனை பேரும் சம்மதிக்கவேண்டுமே! துருக்கி கடைசியாகச் சம்மதித்தபின், 2023 ஏப்ரல் 4-ந் தேதிதான் கதவு திறந்தது.

முன்னது கோழைத்தனம், பின்னது துரோகம் என்று சிலர் சொல்லக்கூடும். இரண்டும் ஒரே கணக்குத்தான், தோழர்களே! காலம் மாறிற்று, விடை மாறிற்று. மாறாதது ஒன்று: வாலிபர்களுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சியை அவர்கள் ஒருநாளும் கைவிடவில்லை, நேட்டோவில் சேர்ந்த பிறகும் விடவில்லை.

ஆகவே, ஒரு சர்க்கார் கூட்டுச் சேருகிறோம் என்றால் அந்நாட்டு ஜனங்கள் கேட்கவேண்டியது மூன்று: ஆபத்தில் யார் வருவார்கள்? அதற்கு நாம் என்ன கொடுக்கிறோம்? அவர்கள் வராவிட்டால் நம் கையில் என்ன இருக்கிறது? மூன்றுக்கும் பதில் கிடைக்காமல் கைதட்டாதீர்கள்.

நான் சொன்னதையும் யோசித்துப் பார்த்துச் சரியென்று பட்டால் மாத்திரம் கொள்ளுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.