கணக்கு குரூப் யாருக்கு?

(மாலைநேரப் படிப்பு மையங்களில் பாடம் எடுக்கும் தோழர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் ஒரு நாள் ஆசிரியர் மாணவன் பீமராவைக் கரும்பலகைக்கு வந்து கணக்குப் போடச் சொன்னார். வகுப்பில் ஒரே கூச்சல். சாதி இந்துப் பிள்ளைகள் தங்கள் சாப்பாட்டு டப்பாக்களைப் பலகைக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். ஓடிப்போய் அவற்றை அள்ளியெடுத்த பிறகுதான் அம்பேத்கரால் பலகையைத் தொட முடிந்தது. தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இந்தச் செய்தி இருக்கிறது. அவர் படிக்க விரும்பிய சமஸ்கிருதத்தை மறுத்துப் பாரசீகம் எடுக்க வைத்ததும் நமக்குத் தெரிந்ததுதான். யாருக்கு எந்தப் பாடம் என்பதை அந்தப் பள்ளியில் மாணவனின் மூளை முடிவு செய்யவில்லை.

இன்று பலகைக்குப் பின்னால் டப்பா இல்லை. பத்தாம் வகுப்பு முடிவு வந்த மறுவாரம் பள்ளி அலுவலகத்தில் ஒரு மேசை இருக்கிறது. அங்கே யாரும் சாதியைக் கேட்டு குரூப் கொடுப்பதில்லை. மதிப்பெண்ணைப் பார்க்கிறார்கள். பிறகு அன்பாகத்தான் சொல்கிறார்கள்: "உனக்கு எதுக்கும்மா மேத்ஸ், கஷ்டப்படுவ, ஈசியா ஒரு குரூப் எடுத்துக்க." தேர்ச்சி விகிதம் குறைந்தால் ஆசிரியரை மேலதிகாரி கேள்வி கேட்பார். தோற்றுவிடுவாளோ என்று தோன்றும் பிள்ளையைக் கணக்கிலிருந்து தள்ளி வைப்பது ஆசிரியருக்குப் பாதுகாப்பு. கூட வந்த அம்மாவுக்கு குரூப் என்றால் என்னவென்று யாரும் சொன்னதில்லை. சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்.

அந்தக் கையெழுத்தின் விலை என்ன? பொறியியல் கலந்தாய்வுக்கான கட்-ஆஃப் 200. இதில் கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. பாதி கணக்குதான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் வந்தது. நல்ல சட்டம். ஆனால் பதினைந்து வயதில் கணக்கை விட்ட பிள்ளைக்கு அந்தக் கதவு இருப்பதே தெரியப்போவதில்லை. (தொழிற்கல்விப் பிரிவினருக்குத் தனியாக ஒரு சிறு வழி உண்டு, அது வேறு கதை.) இயற்பியல், புள்ளியியல் பட்டப்படிப்புகளுக்கும் இதே நிலைதான்.

வரலாறு, பொருளாதாரம் படிப்பது மட்டமா என்று ஒரு தோழர் கேட்பார். இல்லை. நமக்கு வரலாற்றாசிரியர்கள் நிறையத் தேவை. பிடித்துப்போய் எடுப்பதும், வேறு எதுவும் கிடைக்காமல் எடுப்பதும் ஒன்றல்ல என்பதைத்தான் சொல்கிறேன்.

இப்போது அமெரிக்காவுக்குப் போவோம். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் கார்ஃபீல்ட் உயர்நிலைப் பள்ளி. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பொலிவியாவிலிருந்து குடியேறிய ஹைமே எஸ்கலாந்தே என்ற ஆசிரியர் அவர்களுக்கு நுண்கணிதம் நடத்தினார். 1982இல் 18 பேர் கல்லூரி நிலை நுண்கணிதத் தேர்வு எழுதினார்கள், 18 பேரும் தேர்ச்சி. உடனே தேர்வு நிறுவனம் 14 பேர்மீது காப்பியடித்ததாகச் சந்தேகம் எழுப்பியது. விடைத்தாள்களில் ஒரே மாதிரிப் பிழைகள் இருந்தன என்பது அவர்கள் சொன்ன காரணம். வசதியான பகுதிப் பள்ளியாக இருந்தால் இப்படிச் சந்தேகப்பட்டிருப்பார்களா என்ற கேள்வி அன்றே எழுந்தது. 12 பேர் மறுபடி தேர்வு எழுதினார்கள். 12 பேரும் தேர்ச்சி பெற்றார்கள். ஒரு முறை தேறினால் போதாது, இரண்டு முறை தேறிக் காட்ட வேண்டும் என்பது நம் பிள்ளைகளுக்குப் புதிய செய்தியா?

இதை வைத்து 1988இல் ஹாலிவுட்டில் படம் எடுத்தார்கள். ஒரு நல்ல வாத்தியார் வந்தார், அதிசயம் நடந்தது என்பது போல இருக்கும். எனக்கு அந்தப் படத்தின்மேல் வருத்தம் உண்டு. எஸ்கலாந்தே அங்கே சேர்ந்தது 1974இல். நுண்கணித வகுப்பு தொடங்கியது 1978இல், அதுவும் விரல்விட்டு எண்ணும் மாணவர்களோடு. கீழ்வகுப்புக் கணக்கைச் சரிசெய்தது, பக்கத்துக் கல்லூரியில் கோடை வகுப்பு நடத்தியது, சக ஆசிரியர்களைச் சேர்த்துக்கொண்டது எல்லாம் சேர்ந்துதான் 1982 வந்தது. 1991இல் அவர் விலகிய பிறகு எண்ணிக்கை சரிந்தது. ஆளை நம்பிக் கட்டியது ஆளோடு போய்விட்டது.

நம் வேலைக்கு வருகிறேன். நம் பதினோராம் வகுப்புப் புத்தகங்களை எடுத்துப் பாருங்கள். இயற்பியலில் இரண்டாவது அலகு இயக்கவியல். அங்கேயே வெக்டரும் வகைநுண்கணிதமும் வந்துவிடுகின்றன. கணக்குப் புத்தகத்தில் அவை இரண்டாம் தொகுதியில்தான் இருக்கின்றன. அதாவது கணக்கு ஆசிரியர் அந்தப் பாடத்துக்கு வருவதற்குப் பல மாதம் முன்பே இயற்பியல் வகுப்பில் அது தெரிந்திருக்க வேண்டும். டியூஷன் போகும் பிள்ளை விடுமுறையிலேயே படித்துவிட்டு வருகிறது. நம் பிள்ளை ஜூன் மாதத்திலேயே "எனக்கு மூளை இல்லை" என்று முடிவு செய்கிறது. ஆகஸ்டுக்குள் குரூப் மாற்றக் கேட்டு நிற்கிறது. பாட வரிசையில் உள்ள ஒரு இடைவெளி அந்தப் பிள்ளைக்குத் தன் பிறப்பின் குறைபாடாகத் தெரிகிறது.

அதனால் மையங்களில் இரண்டு வேலை. முடிவு வந்ததும் சேர்க்கை நாளன்று பிள்ளையோடு நம்மில் ஒருவர் போக வேண்டும். விண்ணப்பத்தில் குரூப் கட்டத்தை யார் நிரப்புகிறார்கள் என்று பார்க்க வேண்டும். பிள்ளை கணக்கு கேட்டு, பள்ளி மறுத்தால், சண்டை வேண்டாம், காரணத்தை எழுதித் தரக் கேளுங்கள். எழுத வேண்டும் என்றாலே பல மறுப்புகள் மறுபரிசீலனைக்கு வரும்.

இரண்டாவது, மே மாதத்திலேயே ஆறு வார வகுப்பு. பத்தாம் வகுப்பில் படித்த நேர்கோட்டின் சாய்விலிருந்து தொடங்குங்கள். பேருந்து போன தூரத்தையும் நேரத்தையும் வரைபடமாகப் போடச் சொல்லுங்கள். வளைகோடு வந்ததும் சாய்வை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அவர்களே கேட்பார்கள். சூத்திரத்தை அதற்குப் பிறகு கொடுத்தால் போதும். பிள்ளைகளை முறை வைத்துப் பலகைக்கு அழையுங்கள், பெண் பிள்ளைகளை முதலில். இந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பு முடிப்பவர்களில் இரண்டு பேரை அடுத்த மே மாத வகுப்பு எடுக்க இப்போதே பேசி வையுங்கள்.