பூங்காவும் பொதுஜனங்களும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் பூங்கா. சமத்துவத்தைப்பற்றிப் பேசவேண்டிய மேடையில் செடி கொடிகளைப்பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். நாம் செடி கொடிகளைப்பற்றிப் பேச வரவில்லை. ஒரு ஊரில் பொதுவாக ஓர் இடம் வேண்டுமானால் அதை யார் கேட்டு வாங்குவது, யார் அனுபவிப்பது, யார் காப்பாற்றுவது என்பதைப்பற்றியே பேச வந்திருக்கிறோம். இது சமத்துவத்தைப்பற்றிய பேச்சா அல்லவா என்பதை முடிவில் நீங்களே யோசித்துக் கொள்ளுங்கள்.

பணக்காரனுக்குப் பொதுப் பூங்கா வேண்டியதில்லை. அவன் பங்களாவைச் சுற்றியே தோட்டம் இருக்கிறது. ஒண்டுக் குடித்தனத்தில் ஓர் அறைக்குள் ஐந்துபேர் படுத்தெழுந்திருக்கிறவனுக்கும், அவன் குழந்தைக்கும், பொழுதெல்லாம் அடுப்படியில் வெந்துகிடக்கும் பெண்ணுக்குமே அது வேண்டும். ஆனால், பூங்கா வேண்டுமென்று முனிசிபாலிட்டிக்கு மனு எழுதுகிறவன் பெரும்பாலும் யார் என்று பாருங்கள். முன்னவனே எழுதுகிறான், பின்னவன் எழுதுவதில்லை. எழுதினவன் வீட்டுக்குப் பக்கத்தில் பூங்கா வருவதில் என்ன ஆச்சரியம் இருக்கிறது?

மேல்நாட்டிலும் ஆதியில் பூங்கா என்றால் ராஜாக்களுக்கும் பிரபுக்களுக்கும்தான். இங்கிலாந்தில் பர்க்கன்ஹெட் என்னும் ஊரின் நிர்வாகிகள் 1843-ல் பார்லிமெண்டு சட்டத்தின்மூலம் அதிகாரம் பெற்று, பொதுப் பணத்தில் நிலம் வாங்கி, ஜோசப் பாக்ஸ்டன் என்பவரைக்கொண்டு பூங்கா அமைத்து, 1847-ல் யாவருக்கும் திறந்துவிட்டார்கள். பொதுப் பணத்தில் பொதுஜனங்களுக்காக அமைந்த முதல் பூங்கா அதுவே என்று சொல்லப்படுகிறது. பூங்காவைச் சுற்றியிருந்த மனைகளை விற்று அந்தச் செலவை ஈடு செய்தார்கள். எந்தக் கடவுளும் வந்து கொடுக்கவில்லை. மனிதர்கள் கணக்குப் போட்டுச் செய்தார்கள்.

நிற்க, நம் சென்னையைப் பார்ப்போம். கவர்னர் டிரெவெல்யன் காலத்தில், 1859-ஐ ஒட்டி, சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் 116 ஏக்கரில் 'பீப்பிள்ஸ் பார்க்', அதாவது ஜனங்களின் பூங்கா, என்று ஒன்று ஏற்பட்டது. பெயரைப் பாருங்கள்! ஆனால் அந்த ஜனங்களின் கதி என்னவாயிற்று? விக்டோரியா மண்டபம் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. மூர் மார்க்கெட் கொஞ்சம் எடுத்துக்கொண்டது. ரிப்பன் கட்டிடம் கொஞ்சம், விளையாட்டு அரங்கம் கொஞ்சம். மிருகக்காட்சிச் சாலையும் 1985-ல் வண்டலூருக்குப் போய்விட்டது. இன்று மிச்சமிருப்பது ஒரு மூலை. இதில் எந்தத் திருடனும் வரவில்லை; பொதுக் காரியத்தின் பேராலேயே எல்லாம் நடந்தது. சர்க்கார் தானாகக் கொடுத்ததை சர்க்கார் தானாகவே எடுத்துக்கொண்டது. கேட்டு வாங்கியவன் இருந்தால்தானே ஏன் எடுக்கிறாய் என்று கேட்க ஆள் இருக்கும்?

கேட்டு வாங்கினவர்கள் கதையையும் சொல்லுகிறோம். அமெரிக்காவில் சான் டியாகோ நகரத்தில் லோகன் என்னும் பகுதியில் மெக்சிக்கோ வம்சத்துத் தொழிலாளிகள் குடியிருந்தார்கள். 1963-ல் பெரிய நெடுஞ்சாலை ஒன்று அவர்கள் பகுதியை இரண்டாகப் பிளந்தது. 1969-ல் திறந்த கொரனாடோ பாலத்தின் தூண்கள் அவர்கள் குடியிருப்புக்கு நடுவில் நின்றன. பாலத்தடியில் பூங்கா அமைத்துத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். ஆனால் 1970 ஏப்ரல் 22-ந் தேதி மண்வெட்டும் யந்திரங்கள் வந்து நின்றன. எதற்கென்றால், பூங்காவுக்கு அல்ல; நெடுஞ்சாலைப் போலீஸ் நிலையத்துக்கு! அன்றே ஆண், பெண், மாணவர் எல்லோரும் திரண்டு யந்திரங்களை மறித்தார்கள். மறித்ததோடு நிற்காமல், தாங்களே மண்ணைக் கொத்திச் செடி நட ஆரம்பித்தார்கள். பன்னிரண்டு நாள் அந்த இடத்தை விட்டு அகலவில்லை. முடிவில் நகரசபை இறங்கி வந்து, மாகாண சர்க்காரோடு பேசி, நிலத்தைப் பூங்காவுக்கு வாங்கிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. 1973 முதல் அந்தத் தூண்களிலேயே தங்கள் சரித்திரத்தைச் சித்திரமாக எழுதினார்கள். எந்தத் தூண்கள் அவர்களை அவமானப்படுத்தினவோ அவையே இன்று அவர்களுடைய கௌரவச் சின்னமாய் நிற்கின்றன. 2016-ல் அந்நாட்டுச் சர்க்கார் அதைத் தேசீய சரித்திரச் சின்னம் என்றும் அறிவித்துவிட்டது.

இது அமெரிக்காவில் நடக்கும், இங்கு நடக்காது என்று சொல்லாதீர்கள். பெங்களூரில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை, முதல் மந்திரியின் உத்தரவின்பேரில், ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார்கள். அந்தப் பகுதிவாசிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். பூங்கா நிலத்தை அப்படி மாற்ற அதிகாரமில்லை என்றும், அதைக் கேட்கப் பகுதிவாசிகளுக்கு உரிமை உண்டு என்றும் 1991-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

சட்டமும் நமக்கு விரோதமாக இல்லை. 1992-ல் செய்த அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் ஆகியவற்றை நகரசபைகளின் வேலையில் சேர்த்திருக்கிறது. நம் ராஜ்யத்தில் பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போடுகிறவன், தெருக்கள் போக, பத்தில் ஒரு பங்கைப் பொது இடமாக ஒதுக்கி ஸ்தல ஸ்தாபனத்துக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுக்கவேண்டும். உங்கள் தெருவில் முள்மண்டிக் குப்பை கொட்டிக்கிடக்கும் இடம் அப்படிப்பட்டதாக இருக்கலாம். ஆபீசுக்குப் போய் வரைபடத்தைக் கேளுங்கள். இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தின்படி எழுதிக் கேளுங்கள். கிராமத்திலானால் வருஷத்துக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது. அங்கே தீர்மானம் போடுங்கள். ஜனங்கள் ஒரு பங்கு பணம் போட்டால் மிச்சத்தை சர்க்கார் போடும் 'நமக்கு நாமே' திட்டமும் இருக்கிறது. ஜாதகம் பார்க்கச் செலவிடும் காசில் பாதியை இதற்குக் கொடுத்தாலே போதும்.

இனிமேல்தான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். "ஊரார் சேர்ந்து பூங்கா அமைத்தார்கள்" என்று சொல்லும்போது ஊரார் என்பவர் யார்? நம் நாட்டில் ஊர் வேறு, சேரி வேறு என்றல்லவா வைத்திருக்கிறார்கள்! ஊர் கூடிப் பூங்கா கேட்டு, ஊருக்குள் பூங்கா வைத்து, சேரிக் குழந்தை உள்ளே வந்தால் முறைத்துப் பார்ப்பதானால், அது பூங்கா அல்ல. வேலி போட்ட அக்கிரகாரம்தான். பட்டணத்தில் இதையே நாகரிகமாகச் செய்கிறார்கள். முனிசிபாலிட்டி பணத்தில் அமைந்த பூங்காவுக்குக் குடியிருப்போர் சங்கம் பூட்டுப் போட்டு, சாவியைத் தன் காரியதரிசியிடம் வைத்துக்கொள்கிறது. "குப்பத்துப் பிள்ளைகள் வந்து பாழாக்கிவிடும்" என்று காரணம் சொல்லுகிறார்கள். அந்தக் குப்பத்து ஆள்தானே அந்தப் பூங்காவைக் கூட்டிச் சுத்தம் செய்கிறான்? சுத்தம் செய்யத் தகுந்தவன் உட்காரத் தகாதவனா என்று கேட்கின்றோம்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. காலியிடம் கண்ணில் பட்டால் அரசமரத்தடியில் ஒரு கல்லை நடுவார்கள். ஆறு மாதத்தில் மேடை, ஒரு வருஷத்தில் கூரை, பிறகு உண்டியல். அப்புறம் அது யாருடைய இடம் என்று கேட்டால் நாஸ்திகன் என்பார்கள். பொதுத் தெருவிலும் பூங்காவிலும் எந்த மதத்தின் கோயிலும் அனுமதியின்றிக் கட்டலாகாது என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது. ஆகவே இது நம் வெறும் பிடிவாதமல்ல, சட்டமும் அதுவே.

ஆகையால் தோழர்களே, பூங்கா வேண்டுமென்று கூடுகிற முதல் கூட்டத்தைச் சேரியில் கூட்டுங்கள். கமிட்டியில் சரிபாதி பெண்களை வையுங்கள்; இருட்டில் எங்கே விளக்கு வேண்டுமென்பது ஆணைவிட அவர்களுக்கே தெரியும். இரண்டு தெருவுக்கும் நடுவான இடத்தைக் கேளுங்கள். மனுவில் எல்லாத் தெருக்காரர் கையெழுத்தும் இருக்கட்டும். அதிகாரியிடம் பல்லைக் காட்டவும் வேண்டாம். சண்டைக்குப் போகவும் வேண்டாம். அவர் நம் வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவர். நாம் வரி கொடுக்கிறவர்கள். அந்த முறையில் மரியாதையாய்ப் பேசி, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

நிழலுக்கு ஜாதி தெரியாது. ஆனால் நிழலில் போடும் பெஞ்சியை மனிதன்தான் போடுகிறான். அதில் யார் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதைப் பார்த்தே ஒரு ஊர் மானமுள்ள ஊரா என்று நாம் அளந்து சொல்லிவிடலாம்.