தாயகம் திரும்பியவரின் முதல் ஆண்டு

(பயிற்சி அலுவலர்களிடையே ஆற்றிய உரை)



1915ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் காந்தியடிகள் பம்பாயில் வந்திறங்கினார். தென்னாப்பிரிக்காவில் ஏறத்தாழ 21 ஆண்டுகள் வாழ்ந்தவர், புகழுடன் வந்தவர். எனினும், கோபாலகிருஷ்ண கோகலே அவரிடம் ஓர் உறுதிமொழி பெற்றிருந்தார். ஓராண்டுக் காலம் நாட்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். அதுவரை பொதுப் பிரச்சினைகளில் கருத்துக் கூறலாகாது. மறுமாதமே கோகலே மறைந்தார். காந்தியடிகளோ வாக்குத் தவறாமல் மூன்றாம் வகுப்பு ரயில் வண்டிகளில் நாட்டைச் சுற்றி வந்தார்.

இதனை அரசியல் வரலாறாகவே நாம் படித்திருக்கிறோம். நான் இதில் காண்பது வேறு. "உமது நாடு இப்போது உமக்குத் தெரியாது" என்று ஒருவரிடம் அன்போடு உணர்த்தும் நண்பர் இருந்தார். தெரிந்துகொள்ள ஓராண்டு அவகாசமும் கிடைத்தது. திரும்பி வருவோரில் எத்தனை பேருக்கு இவ்விரண்டும் வாய்க்கின்றன?

அயல்நாட்டில் குடியேறுவோரின் மனநிலை முதலில் உற்சாகத்திலும், பின்னர் சோர்விலும், பிறகு தேறுதலிலும் செல்கிறது என்று நார்வே நாட்டு ஆய்வாளர் லிஸ்கார்ட் 1955இல் எழுதினார். தாயகம் திரும்பிய பின்னும் இதே இறக்கமும் ஏற்றமும் உண்டு என்று 1963இல் அமெரிக்காவின் கல்லஹார்ன் தம்பதியர் எடுத்துக்காட்டினர். அயலூரில் தவறிழைத்தால் புதியவர் என்று பொறுத்துக்கொள்வார்கள். சொந்த ஊரில் அந்தச் சலுகை கிடையாது.

அரசு இதனை அறவே அறியாதிருந்தது என்று கூறுவதற்கில்லை. தகுதி மிக்க விஞ்ஞானிகள் நாடு திரும்பியதும் நிலையான வேலை கிடைக்கும்வரை தற்காலிகப் பணி பெற 1958இல் விஞ்ஞானிகள் தொகுப்புத் திட்டம் வகுக்கப்பட்டது. அது கற்றோர் சிலருக்கானது. வளைகுடா நாடுகளுக்குச் சென்ற இலட்சக்கணக்கான உழைப்பாளரின் நிலை வேறு. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் அவர்கள் புறப்படுவதைப் பற்றியது; திருப்பி அனுப்பும் செலவுக்கான பிணையத்தைப் பற்றியும் பேசியது. விமானத்தைவிட்டு இறங்கிய பின் என்ன என்பது அதன் கவலையன்று. 1990இல் குவைத் நெருக்கடியின்போது சுமார் 1,70,000 இந்தியர்களை விமானங்களில் அழைத்து வந்தோம். அது பெருஞ்சாதனைதான். ஆனால் அழைத்து வருவது வேறு, குடியமர்த்துவது வேறு.

கேரளத்தைப் பாருங்கள். ஆடவர் வளைகுடாவில் இருந்த ஆண்டுகளில் வீட்டுப் பெண்கள் எவ்வாறு மாறினர் என்பதை லீலா குலாட்டி 1993இல் வெளிவந்த தம் நூலில் ஆராய்ந்தார். வங்கிக்குப் போவது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, கடனை அடைப்பது, கொத்தனாரிடம் கணக்குக் கேட்பது எனக் குடும்பத்தின் நிருவாகமே அவர்கள் கைக்கு வந்தது. கணவர் திரும்புகிறார். அவர் மனத்தில் உள்ள வீடு, அவர் புறப்பட்ட நாளில் இருந்த வீடு. விடுமுறைக்கு வந்தபோதெல்லாம் விருந்தினராக இருந்தவர், இப்போது எந்த நாற்காலியில் அமர்வது என்றே அறியார். முதல் மாதம் உறவினர் கூட்டம், மூன்றாம் மாதம் "எப்போது திரும்பிப் போகிறீர்கள்?" என்ற வினா. தாயகத்தில் இருப்பவரைப் பார்த்துக் கேட்கப்படும் வினா இது!

'வரவேல்பு' என்ற மலையாளத் திரைப்படம் 1989இல் வெளிவந்தது. வளைகுடாவிலிருந்து திரும்பியவர் சேமிப்பைக் கொண்டு பேருந்து வாங்கி, தொழிற்சங்கத்தாலும் அதிகாரிகளாலும் அலைக்கழிக்கப்படும் கதை. மக்கள் சிரித்துக்கொண்டே பார்த்தார்கள். நம் போன்ற அலுவலர்களுக்கு அவ்வளவு சிரிப்பு வருவதற்கில்லை.

என் அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பணியாற்றிய மாவட்டத்தில், 18 ஆண்டுகள் கிரேன் இயக்கிவிட்டுத் திரும்பிய ஒருவர் சுயதொழில் மானியம் பற்றி விசாரிக்க வந்தார். கோழிப்பண்ணை வைக்கும்படி கூறினேன். அவருக்குக் கோழியைப் பற்றி ஒன்றும் தெரியாது. எங்கள் பட்டியலில் எஞ்சியிருந்தது அது ஒன்றே. "ஐயா, எனக்கு ஆறு மாதம் வேண்டும். ஊரில் யார் யார் இருக்கிறார்கள், எது விற்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அப்போது பிப்ரவரி மாதம். மார்ச் முடிவதற்குள் ஒதுக்கீடு செலவாக வேண்டும் என்பதைப் பொறுமையாக எடுத்துரைத்து, கையொப்பம் பெற்றுக்கொண்டேன். பொறுமை என்று அன்று எண்ணினேன்.

அடுத்த கோடையில் கோழிகள் நோயில் மடிந்தன. சேமிப்பில் பாதி போயிற்று. 14 மாதங்களில் அவர் மீண்டும் விமானம் ஏறினார். கோப்பில் அவர் பெயருக்கு எதிரே 'மறுவாழ்வு அளிக்கப்பட்டது' என்று நான் எழுதிய குறிப்பை ஒருவரும் திருத்தவில்லை, நானும் திருத்தவில்லை.